நான் கேட்டு வாங்கிய ரம்பம்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, எங்கள் வீட்டில் நான் ஆசைப்பட்டேன் என்பதற்காக ஒரு ரம்பம் வாங்கப்பட்டது. மற்றப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவார்கள், பொம்மை வாங்கித் தருவார்கள். ரம்பம் கேட்டு வாங்கிய பெண்பிள்ளை ஒரகடம் சுற்றுவட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரப் பாகங்களை அடைத்துக் கப்பலில் அனுப்புகிற பெட்டிகள். கொட்டகையின் நடுவில் ஆள் உயரத்துக்குப் பேண்ட்சா என்கிற அறுப்பு இயந்திரம் நிற்கும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி இடுப்புப் பட்டை மாதிரி ஒரே வளையமாக ஓடுகிற ரம்பம். அதை ஓட்டுவதில் அப்பாவைவிடச் சித்திதான் கெட்டிக்காரி. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஒரு கார் கம்பெனியில் லைனில் நின்று ஒரே அளவு போல்ட்டை ஒரே இடத்தில் முடுக்குவது அவள் வேலை. விடுமுறை நாளில் வந்து அப்பாவுக்குப் பலகை அறுத்துக் கொடுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ரம்பம் அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டி ஏற்ற லாரி வருகிறது. அப்பா ஆணி அடிக்கிற வேலையை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை சித்திக்கு விடுமுறை. "ரெண்டு பிளேடு வாங்கினு வா. ஒண்ணு மாட்ட, ஒண்ணு ஸ்பேர். ரெண்டும் அகலமானது, பழைய அளவே" என்று சொல்லி அறுந்த ரம்பத்தைச் சுருட்டிச் சாக்குப்பையில் போட்டுக் கொடுத்தார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயிலில் பீச் ஸ்டேஷன், பிறகு பாரிமுனைக்கு நடை. கடைத்தெரு முழுக்க இரும்பு வாசனை. எங்களுக்கு வேண்டிய கடையில், விதவிதமான அகலத்தில் ரம்பப் பட்டைகள் சுருள்சுருளாகத் தொங்கின. கடைக்காரர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சித்தியை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னா மரம்மா அறுக்குறீங்க?"

"பைன் மரம்ணே. பேக்கிங் பெட்டிக்கு."

"அப்ப பல்லு எட்ட எட்ட இருக்கணும். நெருக்கமா இருந்தா நடுவுல தூளு அடைச்சிக்கும், சூடாவும், பட்டுனு பூடும்."

அவர் எடுத்துக் காட்டிய பட்டையில் சித்தி கட்டைவிரலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பல் என்று எண்ணினாள். மூன்று. நானும் எண்ணினேன். மூன்றுதான்! பரீட்சையில் சரியான விடை எழுதிய மாதிரி இருந்தது எனக்கு. கடைக்காரர் பழைய ரம்பத்தை நீட்டி அளந்து, அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன இயந்திரத்தில் சேர்த்துப் பிடித்தார். சர்ரென்று பொறி பறந்தது. ஒட்டிய இடம் எது என்று விரலால் தடவியும் எனக்குத் தெரியவில்லை.

கடையின் உள்பக்கத்தில் இன்னொரு பேண்ட்சா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தான் வாங்கப்போகும் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுடையது போல் இல்லை. அகலம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இராது. அவர் பலகையைத் திருப்பத் திருப்ப, ரம்பம் அதற்குள் வளைந்து, நெளிந்து, திரும்பி வந்தது. சித்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது எங்க மெஷின்ல மாட்டுமா?"

"மாட்டும். ஆனா உங்க பெட்டிக்கு உதவாதும்மா. வேகமா தள்ளினா கோணிக்கும்."

நான் அவள் துப்பட்டாவை இழுத்து, பசிக்கிறது, போகலாம் என்றேன். சித்தி என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், "அகலமானது ஒண்ணு போதும். இன்னொண்ணு அதுல குடுங்க" என்றாள்.

புது ரம்பங்கள் இரண்டையும் மூன்று மூன்று வளையமாக மடக்கிக் கம்பியால் கட்டிக் கொடுத்தார்கள். ரயிலில் அவை சாக்குக்குள் விண்விண்ணென்று துள்ளின. எதிரில் இருந்த அம்மாள், பையில் என்ன என்று என்னைக் கேட்டார். பாம்பு என்றேன். தாம்பரம் வரை அவர் கதவோரம் நின்றுகொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அகலமான ரம்பம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே ஆணி அடித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பழைய பலகைக்குள் ஒளிந்திருந்த ஆணியில் அது மோதியது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். சித்தி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். ரம்பம் இரண்டாகக் கிடந்தது. இன்னும் ஆறு பெட்டிக்குப் பலகை அறுபடவில்லை.

"ஸ்பேர் எடு" என்றார் அப்பா.

சித்தி கொண்டுவந்ததை அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது? நூலு மாரி கீது!"

சித்தி தரையைப் பார்த்தாள். "பாப்பா ரொம்ப ஆசைப்பட்டா மாமா. அழுதா. அதான்..."

அப்பா, அம்மா, சித்தி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டது சாப்பாடு. ஆனால் அத்தனை பெரியவர்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்த அந்தக் கணத்தில், ஆமாம், ஆசைப்பட்டேன் என்று என் தலை தானாக ஆடியது. அப்பா ரம்பத்தைச் சித்தியிடமே திருப்பிக் கொடுத்தார். பத்து வயதுப் பிள்ளையின் ஆசையை என்னவென்று திட்டுவது?

"மெதுவா விட்டா நேராவே போவும் மாமா. நான் அறுக்குறேன்" என்றாள் சித்தி.

மேல் சக்கரத்தைத் தளர்த்தி, மெல்லிய ரம்பத்தை மாட்டி, மறுபடி விறைப்பாக இறுக்கி, அது விலகாமல் பிடிக்கிற கட்டைகளை நெருக்கி வைத்தாள். பலகையில் பென்சில் கோடு போட்டது நான். கோட்டை விட்டு ரம்பம் விலகினால் கத்த வேண்டியதும் நான். "சித்தி, லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துப் பலகையைத் துளித்துளியாகத் தள்ளினாள். அம்மா மறுபக்கம் வாங்கி அடுக்கினாள். லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவருக்கு ஒரு டீ கொடுத்தோம், பிறகு இன்னொரு டீ. மூன்றாவது டீ ஆறிக்கொண்டிருந்தபோது கடைசிப் பெட்டியும் ஏறியது. நான் கொட்டகையைச் சுற்றி ஓடி ஓடிக் குதித்தேன்.

"இனிமே கடைக்கு இவள இட்டுனு போவாத" என்று சிரித்துக்கொண்டே அப்பா கைகால் கழுவப் போனார்.

சித்தி மட்டும் போகவில்லை. மிச்சம் கிடந்த ஒரு துண்டுப் பலகையை எடுத்து மறுபடி சுவிட்சைப் போட்டாள். எனக்காக யானை செய்யப்போகிறாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். கோடு போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். பலகையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ரம்பம் வளைந்து போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி வளைந்தது. நெற்றியெல்லாம் மரத்தூள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பலகை கடைசியில் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். யானையும் இல்லை, மீனும் இல்லை, ஒன்றுமே இல்லை.

"இன்னா சித்தி இது?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மா."

எனக்குப் பெரிய ஏமாற்றம். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் நான் ஆசைப்பட்டேன் என்று ஒரு ரம்பமே வாங்கித் தந்தார்கள் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். அன்று காலை ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்து ஏறும்போது சித்தி ஏன் என் கன்னத்தைப் பிடித்து அப்படி முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.