வேன்காரரின் பிளாக் ஃபாரஸ்ட்

சூடான தட்டைத் துணியோடு தூக்கி, அதிலிருக்கும் கேக்கின் பக்கம் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் தங்கப்பாண்டியன். வாயைத் திறக்கக் கூடாதென்று எனக்கு ஒரு தலையசைப்பு.

"உள்ள இன்னும் சலசலன்னு பேசிக்கிட்டு இருக்கு சார். பேச்சு அடங்கணும்."

மறுபடி அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கேட்கும்போது முகம் தெளிந்துவிடுகிறது. "இப்ப சரி. தூங்கிருச்சு."

திருத்தங்கலில் எங்கள் எதிர்வீடு அவருடையது. வேன் ஓட்டுவது தொழில். காலையில் தெருத்தெருவாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் வெம்பக்கோட்டைப் பக்கமுள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்குவார். சாயந்திரம் போய்க் கூட்டிவருவார். இடைப்பட்ட பகலில் மற்ற டிரைவர்கள் கம்பெனிக்கு வெளியே மர நிழலில் சீட்டாடுவார்கள், அல்லது சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் வீடு திரும்பி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டை அடிப்பார்.

கொரோனாக் காலத்தில் வேன் வாசலில் சும்மா நின்றபோது ஆரம்பித்தது இது. மகள் அருணாதேவிக்குப் பிறந்தநாள் வந்தது. கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. போனில் பார்த்து, இட்லிச் சட்டியில் மணலைப் பரப்பி ஒரு கேக் சுட்டார். "செங்கல்லு கெட்டது போங்க. எம் பொண்டாட்டி அதை வாசக்கதவு ஆடாம இருக்க அண்டக்குடுத்து வச்சா," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கதவுக்கு முட்டுக்கொடுத்த கேக் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பழைய மின்னடுப்பை வாங்கிவந்தார். 'ஓவன்' என்று எங்கள் தெருவில் யாருக்கும் வாய் வராது. எல்லாருக்கும் அது 'அவன்'தான். வந்த புதிதில் அவர் மனைவி யோகலட்சுமி வாசலுக்கு வந்து, "ஏங்க, அவன் ரொம்பச் சூடாயிட்டான், வந்து என்னன்னு பாருங்க!" என்று கத்த, பக்கத்தில் குடிவந்திருந்தவர் ஏதோ அடிதடி என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடிவந்துவிட்டார்.

எத்தனையோ கேக் இருக்க, தங்கப்பாண்டியனுக்குப் பிடித்தது பிளாக் ஃபாரஸ்ட் ஒன்றுதான். முட்டையையும் சர்க்கரையையும் அடிக்கிற அடியில், கரண்டியைத் தூக்கினால் கலவை நாடா மாதிரி மடிந்து மடிந்து விழ வேண்டும். மாவையும் கோகோவையும் சலித்துச் சலித்து, நுரை அமுங்காமல் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்ப்பார். ஆறிய கேக்கைக் கத்தியால் அறுக்க மாட்டார். தையல் நூலைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் குறுக்கே இழுப்பார். அடுக்கு தாள் போல் பிரிந்து வரும். ஒவ்வொரு அடுக்கிலும் செர்ரிச் சாறு தெளித்து, க்ரீம் பூசி, வேகவைத்த செர்ரியைப் பரப்பி, அடுத்த அடுக்கைக் குழந்தையைக் கிடத்துவது போல வைப்பார்.

செர்ரியில்தான் அவருக்குப் பிடிவாதம். "பேக்கரில சிவப்பா வைக்கிறாங்கல்ல, அது களாக்கா சார். சாயத்தை ஏத்தி, பாகுல ஊறப்போட்டு, செர்ரின்னு சொல்லிர்றது. நமக்கு அந்தச் சோலி வேணாம்." கறுஞ்சிவப்பான நிஜச் செர்ரி, மதுரையிலிருந்து பஸ்ஸில் ஐஸ் பெட்டிக்குள் வரும். பெட்டி வந்து சேரும்வரை கண்டக்டருக்குப் போன் மேல் போன். வெளிநாட்டில் இந்தக் கேக்கில் சாராயம் தெளிப்பார்களாமே என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் நம்ம வேன்ல ஏறாது சார்," என்று முடித்துவிட்டார்.

இவ்வளவு பக்குவம் பார்த்தும் இந்த ஊர் வெயிலுக்கு ஒருநாள் தோற்றார். போன சித்திரையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் க்ரீம் உருகி ஓடிவிட்டது. கேக் திரும்பி வந்தது. கூடவே 'கொழகொழ கேக்கு' என்ற பேரும் வந்தது. தெருவில் போகும்போது யாராவது சிரித்தால்கூட, கேக்கை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது அவருக்கு. பல வாரம் மின்னடுப்பைத் தொடவில்லை.

அப்போதுதான் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அய்யாதுரை வந்தார். மகள் பானுப்பிரியாவுக்கு சிவகாசி மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பெரிய மூன்றடுக்கு பிளாக் ஃபாரஸ்ட் வேண்டும் என்றார். தங்கப்பாண்டியன் மனைவியைப் பார்த்தார்.

"செய்ங்க," என்றாள் யோகலட்சுமி. "ஆனா இதுவும் கொழகொழத்துச்சுன்னா, அவனைத் தூக்கிக் காயலான் கடையில போட்டுருவேன். உங்க மூஞ்சியத் தொங்கப்போட்ட மேனிக்கே பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

நிச்சயதார்த்தத்தன்று பகலில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஃபிரிட்ஜ் குளிர்ந்து, க்ரீம் இறுகி, கேக் உருவாகி முடிவதற்குள் பெண்களைக் கூட்டிவர வேண்டிய நேரம் ஆகிவிட்டது. மண்டபத்திலோ சமையல்கட்டு அனல்தான் இருக்கிறது, குளிர்ச்சியான இடம் கிடையாது. ஐஸ் நிரப்பிய தெர்மாக்கோல் பெட்டியில் கேக்கை வைத்து, பெட்டியை வேனிலேயே ஏற்றிக்கொண்டார். போகும்போது கம்பெனி, வரும்போது மண்டபம். "கேக்குக்காக ஆளுகளை அந்தக் காட்டுல நிக்க வைக்க முடியுமா?" பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்தார்.

கம்பெனியில் பெண்கள் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, டிபன் வாளிகளோடு ஏறினார்கள். பெட்டிக்குள் என்ன என்று தெரிந்ததும் வேனுக்குள் ஒரே கும்மாளம்.

"ஏண்ணே, எங்களையும் ஒரு நாள் இப்பிடி ஐஸ் வச்சுக் கூட்டிட்டுப் போனா என்ன?" என்றாள் பத்திரகாளி. பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிறவள். வாய்க்கு ஓய்வே கிடையாது.

சிரிப்பு அடங்குவதற்குள் முள்ளுக்காட்டிலிருந்து ஓர் ஆட்டுக்கிடா ரோட்டில் பாய்ந்தது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் வேனை நிறுத்தத் தெரிந்தவர், அன்று பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். ஆடு தப்பியது. என் கைக்குள் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, உள்ளே 'பொத்' என்று கேட்டது.

ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, மூடியைத் திறந்தோம். ஒரு பக்கம் முழுதும் பெட்டியில் மோதி நசுங்கியிருந்தது. மேலடுக்கு, தலை சாய்ந்த மாதிரி நின்றது. தங்கப்பாண்டியன் மூடியைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து முத்துமாரியம்மாள் இறங்கி வந்தாள். லேபிள் ஒட்டும் பிரிவில் தலை நரைத்தவள். மூடியை அவளாகவே எடுத்துப் பார்த்தாள்.

"தம்பி, தோள்பட்டைதான் ஒடிஞ்சிருக்கு. அடி திடமாத்தான் இருக்கு. க்ரீமு மிச்சம் வச்சிருக்கீகளா?"

"இருக்குக்கா. ஐஸ்ல ஒரு பை இருக்கு. சீவுன சாக்லேட்டும் கொஞ்சம் இருக்கு."

"பெறகென்ன? எந்திரிங்க. ஒட்டிருவோம்."

பத்திரகாளியும் கை நீட்டினாள். "நீ தொடாதடி, உன் கை மருந்துக்கை," என்று அதட்டல் விழுந்தது. அவளும் இன்னும் சிலரும் முந்தானைகளை விரித்துப் பிடித்து வெயிலையும் புழுதியையும் மறைத்தார்கள். சேலைகளால் கட்டிய அறைக்குள், தங்கப்பாண்டியன் நசுங்கிய பகுதியைச் சீவி எடுத்து, மேலடுக்கை நிமிர்த்தி, க்ரீமால் சுவர் எழுப்பினார். முத்துமாரியம்மாள் பாட்டில் தண்ணீரில் மறுபடி கை கழுவி, சாக்லேட் சீவல்களை இரண்டு விரலால் எடுத்து, பக்கவாட்டில் ஒவ்வொன்றாகப் பதித்தாள். விரல் க்ரீமில் பட்டதா என்றே தெரியவில்லை. சீவல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மெதுவாக்கா," என்றார் இவர்.

"வேகமா ஒட்டித்தான் எனக்குப் பழக்கம். நீங்க சும்மா இருங்க."

சீவி எடுத்த துண்டுகள் கைமாறி வாய்களுக்குள் போயின. முந்தானையைப் பிடித்திருந்த பத்திரகாளிக்கு யாரோ ஊட்டிவிட்டார்கள். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "யாத்தே, இம்புட்டு ருசியா! இத்தனை நாளு இந்த மனுசன் வண்டியிலதான போறோம், ஒருநாளு கண்ணுல காட்டலியே!"

அப்போதுதான் தங்கப்பாண்டியன் சிரித்தார்.

மண்டபத்துக்குப் போனபோது நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. பெண்களுக்கு வீட்டுக்குப் போக அவசரம்தான்; ஆனாலும் கேக் என்ன ஆனது என்று தெரியாமல் ஒருத்தியும் நகர மாட்டேனென்று வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேசைமேல் கேக்கை வைத்ததும் அய்யாதுரை அதைச் சுற்றி வந்தார்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் மட்டும் சாக்லேட்டு கூடத் தெரியுதே?"

"அது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அண்ணாச்சி," என்றார் தங்கப்பாண்டியன், கண்ணிமைக்காமல்.

அய்யாதுரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தப் பக்கத்தைச் சம்பந்தி உட்கார்ந்திருந்த திசைக்கே திருப்பி வைக்கச் சொன்னார். பானுப்பிரியாவும் மாப்பிள்ளையும் கத்தியை இறக்கினார்கள். கறுப்பு, வெள்ளை, இடையிடையே செர்ரியின் கறுஞ்சிவப்பு. வெட்டிய துண்டு தட்டில் நிமிர்ந்து நின்றது. ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை. சம்பந்தியம்மாள் இரண்டாவது துண்டை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"கேக் செஞ்சவர் யாருங்க? அவர் மட்டும் வந்து மேசை பக்கத்துல நில்லுங்க," என்று போட்டோக்காரர் கேமராவை உயர்த்தினார்.

"இந்தா, ஒரு நிமிசம்," என்று தங்கப்பாண்டியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். வேனின் கதவை இழுத்துத் திறந்தார்.

"கேக்கு செஞ்சவுகளை எல்லாம் போட்டோவுக்குக் கூப்பிடுறாக. இறங்குங்க, இறங்குங்க."

"இந்த வேலைச் சேலையோடயாண்ணே?" என்று பின்வாங்கினாள் பத்திரகாளி.

அவர் தோளில் கிடந்த துண்டை உதறி, முதலில் இறங்கிய முத்துமாரியம்மாளிடம் முகம் துடைக்க நீட்டினார்.