திருநீறு குறைந்த கதை

எங்கள் வீட்டில் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அதன் மேல் அன்றைய தேதியை எழுதிவைப்பேன். காபித்தூளோ பெருங்காயமோ சாமி அலமாரித் திருநீறோ, எதுவானாலும் சரி. அதனால்தான் இது என் கண்ணில் பட்டது. தைப்பூசத்துக்குச் சென்னிமலையில் வாங்கிய திருநீறு அடுத்த தைப்பூசம்வரை வரும். இந்த முறை சித்திரை பிறக்கும் முன்பே காலி. புதிதாகப் பிரித்த பொட்டலமும் அதற்குள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

வீட்டில் இருப்பது நானும் மனைவியும்தான். சில மாதங்களாக அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசாகுதுங்க, வேறொண்ணுமில்ல" என்பாள். அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வைத்தியத்துக்குப் பதில் யாரிடமோ மந்திரித்துக்கொள்கிறாள், திருநீறு அங்கேதான் போகிறது என்று எனக்குச் சந்தேகம். கூட்டிப்போவது அவர்தானோ என்று எதிர்வீட்டு அம்மாவைக்கூட ஒரு மாதிரிதான் பார்த்தேன்.

ஒரு மதியம் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கவனித்தேன். அலமாரியைத் திறந்து நெற்றியில் பூசினாள். கொஞ்சம் வாயில் போட்டாள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் மறுபடியும் அள்ளிப் போட்டாள். அப்புறம் இன்னொரு முறை.

"ஏனுங்க, திருடியப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"அத்தனையும் நீயா திங்கற?"

"சாமி திருநீறுதானுங்க. வாய்க்கு நல்லாருக்குது. வேணும்னா அதுக்கும் தேதி எழுதிப்போடுங்க!"

மறுநாள் விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் என் மனைவியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், வெளுத்திருந்த நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க அம்மணி, பச்சரிசி, சாம்பல், மண்ணு, இப்படி ஏதாச்சும் திங்கோணும்போல இருக்குதுங்களா?" என்றார்.

மனைவி என்னைத் திரும்பி முறைத்தாள். நான் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

"அவரு ஒண்ணும் சொல்லலீங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். "இரும்புச்சத்து கொறைஞ்சா சிலருக்கு இந்த ஆசை வரும். மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுதுங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. உதிரப்போக்குக்கு வைத்தியம் தொடங்கியது. இரும்புச்சத்து மாத்திரையும் வந்தது. அதை விழுங்கியதும் காபி குடிக்கக் கூடாது என்றார்கள். அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஆடி வந்தது. திருநீறு அப்படியே இருந்தது. எனக்கு அதிலும் சந்தேகம். வேறு பொட்டலம் வாங்கி ஒளித்துவைத்திருப்பாளோ என்று சாமி படங்களுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். மாடியில் துணியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து பின்னால் நின்றாள்.

"இன்னும் நம்பலீங்களா?" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

சாம்பல் இல்லை. வெளுத்துக் கிடந்த நாக்கில் சிவப்பு ஏறியிருந்தது.