கல்லூரிக்குச் சொல்லாமல் விட்ட வகுப்பு

என் மகள் நெல்டா பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டுகிறாள். மதியம் பன்னிரண்டு பத்துக்கு உயர்நிலைப் பள்ளியிலிருந்து பதினான்கு பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுவாள். இரண்டரைக்குத் திருப்பி அழைத்து வருவாள். பள்ளி முடியும் முன்பே கல்லூரிப் பாடத்தில் பாதியை முடித்துவிடலாம், காசு கிடையாது. ஆனால் அங்கே வாங்குகிற மதிப்பெண் ஆயுசுக்கும் கூடவே வரும்.

நெல்டாவும் பதினேழு வயதில் அப்படிப் போனவள்தான். கணக்கு ஏறவில்லை. பள்ளியில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். கல்லூரிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கெட்டித் தாள், மேலே முத்திரை. எனக்கு வாசிக்கத் தெரியாது. இவ்வளவு அழகான தாளில் கெட்ட செய்தி வராது என்று, அதைக் குவாதலூப்பே மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தேன். விலகுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்ன கடிதம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் நர்ஸ் படிப்புக்குப் போனபோது, தேறவில்லை என்ற குறி அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. உதவிப் பணம் தர யோசித்தார்கள். யோசித்து, இல்லை என்றார்கள். நெல்டா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருக்கலாம்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டுத் திரும்பியவள், பள்ளிப் படிக்கட்டில் இட்ஸெல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். இட்ஸெல் எங்கள் தெருப் பெண், வயது பதினாறு. இரண்டு வாரமாக பஸ்ஸில் ஏறவில்லை. காய்ச்சலாக்கும் என்று நெல்டா நினைத்திருந்தாள்.

"அந்த கிளாஸ விட்டுட்டேன் மிஸ். ஸ்கூல்ல சொல்லிட்டேன்."

"காலேஜ்ல?"

"ஸ்கூல்ல சொன்னா போதாதா?"

விலகுவதற்குக் கடைசி நாள் அன்றுதான். கல்லூரி அலுவலகம் மூன்று மணிக்கு மூடும். பள்ளி ஆலோசகரிடம் படிவமும் கையெழுத்தும் வெளியே போக அனுமதியும் வாங்கும்போதே மணி ஒன்று. அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். அம்மா ஒஃபெலியா ஆரஞ்சு கட்டும் கொட்டகையில் வேலையில் இருந்தாள். அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள்.

காலி பஸ்ஸை வழி மாற்றி ஓட்டக் கூடாது என்பது சட்டம். இட்ஸெலை உட்காரவைத்து நெல்டா ஓட்டினாள். என் வாசலில் நிறுத்தி, செருப்புக்கூட மாற்ற விடாமல் என்னையும் ஏற்றிக்கொண்டாள். ஒஃபெலியா என் பேச்சைத்தான் கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கேட்கவில்லை. மேற்பார்வையாளன் ஐந்து நிமிடம் கொடுத்தான். அதில் மூன்று நிமிடம் ஒஃபெலியா தாளைத் தொடவே இல்லை. ஆங்கிலத் தாளில் புரியாமல் கையெழுத்துப் போட்ட அவள் அண்ணனை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

"புரியாத பேப்பர்ல கை வைக்க மாட்டேன் அக்கா. நீங்க சொன்னாலும் சரி."

"நானும் அப்படித்தான் ஒஃபெலியா, புரியாத பேப்பர மாதா படத்துக்குப் பின்னாடி வெச்சேன். வெளிய மஞ்ச பஸ் நிக்குது பாரு. அதுதான் அந்தப் பேப்பர்."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். சன்னல் வழியாக நெல்டா மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஃபெலியா கையுறையைக் கழற்றி, ஆரஞ்சுப் பெட்டியின் மேல் தாளை வைத்து, தன் பெயரை மெதுவாக எழுதினாள். பிறகு மகளிடம், "பாஸாகலன்னா என்கிட்ட சொல்லணும்டி, படிக்கட்டுகிட்ட இல்ல" என்றாள்.

வழியில் சரக்கு ரயில். எழுபது பெட்டிவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். இட்ஸெல் தாளை மடியில் கசங்காமல் பிடித்தபடி அழுதாள். ரயில் போய்க்கொண்டே இருந்தது.

கல்லூரி வாசலில் பிள்ளைகள் பதின்மூன்று பேரும் காத்திருந்தார்கள். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. "மிஸ், தூங்கிட்டீங்களா?" என்று ஒரு குறும்பன் கேட்டான். என்னை அவர்களுக்குக் காவல் வைத்துவிட்டு இருவரும் உள்ளே ஓடினார்கள்.

வந்தபோது இட்ஸெலின் கையில் முத்திரை குத்திய நகல் இருந்தது. தேறவில்லை என்ற குறி இல்லை. விலகினாள் என்று மட்டும் இருக்கும். அடுத்த பருவத்தில் மறுபடி எடுப்பாளாம்.

நெல்டாவுக்கு எச்சரிக்கை ஓலை கிடைத்தது. இன்னொரு தடவை வழி மாறினால் வேலை போகும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். கூடவே இன்னொரு தாளும் இருந்தது. கல்லூரி அலுவலகத்துப் பெண் கொடுத்ததாம்: பத்து வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்காமல் புதிதாகச் சேர ஒரு படிவம்.

"அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று அதைப் படத்துக்குப் பின்னால் செருகப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அது சாப்பாட்டு மேஜையில், உப்புக் குடுவைக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் பேனா. உப்பு வேண்டும் என்றால் அதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். நான் சமையலில் உப்புப் போடுவதை நிறுத்தி மூன்று வாரமாகிறது.