ஸ்கூட்டர் பெட்டியில் மீன் எண்ணெய்

எனக்கு முதலில் போனது சிவப்பு நிறம்தான். திண்டிவனத்தில் நான் கணக்கு நடத்திய பள்ளியில் ஒரு மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனா பழுப்பாக எழுதுவதுபோல் தெரிந்தது. வேறு பேனா எடுத்தேன், அதுவும் பழுப்பு. வலது கண்ணை மூடினால் சிவப்பு, இடது கண்ணை மூடினால் பழுப்பு. கண்ணை உருட்டினால் வலி வேறு.

கண் டாக்டர் என்னை விழுப்புரத்துக்கு, நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்றார் அந்த டாக்டரம்மா. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுமாம். கரண்டு வயரின் மேல் ரப்பர் உரிவது மாதிரி என்று விளக்கினார். வாழ்நாள் முழுக்க இருக்கும், ஆனால் ஊசியை ஒழுங்காகப் போட்டால் அடிக்கடி தாக்காது, மூளையைப் பாதுகாக்கலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தங்கிவிட்டது.

அவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். எடை போடும் ஆளும் மூட்டை தூக்கும் ஆளும் டீக்கடைக்குப் போன நேரமெல்லாம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூளைக்கு எது நல்லது, நரம்பு உறைக்கு எது நல்லது என்று தேடித் தேடிப் படிப்பார். ஊசி விஷயத்தில் அவர் ஒரு நாளும் தளர்ந்ததில்லை. அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதுதான் அவர் கவலை. வைட்டமின் டி வந்தது. பயோட்டின் வந்தது. மஞ்சள் மாத்திரை, லிப்போயிக் ஆசிட் என்று ஒன்று. அடுப்படி அலமாரியில் ஊறுகாய் ஜாடிகள் கீழ்த்தட்டுக்குப் போயின.

"இன்னாங்க இது, மருந்துக் கடையா, வூடா?" என்று கேட்பேன்.

"படிச்சிக்கினு தாம்மா வாங்குறேன். சும்மா ஒண்ணும் வாங்கல" என்பார்.

நாங்கள் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். முட்டை, கிழங்கு எதுவும் வீட்டுக்குள் வராது. பொழுது சாய்ந்தபின் அவர் வாயில் எதுவும் படாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கூப்பிட்டார்.

"கொஞ்சம் வெளிய வாயேன்."

ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். அடியில் இருந்த பெட்டிக்குள், செய்தித்தாளில் சுற்றி, ஒரு டப்பா.

"மீன் எண்ணெ. மூளைக்கு இதான் ரொம்ப நல்லதுன்னு எல்லா எடத்துலயும் போட்டுக்கிறான். உனக்குத் தெரியாம குடுத்துடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். மனசு வரல. நீ துன்னா அந்தப் பாவம் எனக்கு வரட்டும். வேணான்னா வேணா."

அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் சாம்பாரில் உருளைக்கிழங்கு மிதந்தால்கூட எழுந்துவிடும் மனுஷன் அவர்.

"எனக்கு வேணாங்க" என்றேன். "வேற வழி பாப்போம்."

அவர் தலையாட்டிவிட்டு சீட்டை மூடினார். அந்த டப்பா வீட்டுக்குள் வரவேயில்லை. சில வாரம் ஸ்கூட்டரிலேயே ஊர் சுற்றியது. பிறகு கடலோர மீனவர் ஊரான பொம்மையார்பாளையத்திலிருந்து லோடு ஏற்ற வரும் டிரைவரிடம் கொடுத்தாராம். "எங்க வூட்ல மீனே இருக்குது சேட்டு, எண்ணெ எதுக்கு?" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாராம்.

வேறு வழி என்று அவர் கண்டுபிடித்தது ஆளி விதை. மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3 சத்து அதிலும் உண்டாம். வறுத்து, மல்லாட்டையும் மிளகாயும் சேர்த்து, அவரே மிக்ஸியில் பொடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடெல்லாம் அந்த வறுத்த வாசம் நிறைந்திருக்கும். சமையலறைப் பக்கமே வராதவர், நான் உட்கார்ந்திருக்க, வாணலியோடு நின்றுகொண்டிருப்பார்.

விழுப்புரம் போகிற நாட்கள் தனி. பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் எனக்கு. கால் மரத்துப்போய் நான் தடுமாறும்போது, பிடிப்பதுபோல் பிடிக்காமல், எதையோ காட்டுகிற சாக்கில் முழங்கையைத் தொட்டுக்கொள்வார். டாக்டரைப் பார்த்து முடித்ததும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட ஓடுவோம். என்னால் ஓட முடியாததால் அவர் மட்டும் முன்னே போய் ஓட்டலில் இடம்பிடித்து, வாசலுக்கு வந்து கையசைப்பார்.

அப்படிப் போன ஒரு தடவைதான் டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"தைராய்டு ஏறின மாதிரி காட்டுது. படபடப்பு இருக்கா? எடை குறைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துணிப்பையை மடியில் வைத்து, டப்பாக்களை மேஜைமேல் எடுத்து வைத்தார். டாக்டரம்மா கோபப்படவில்லை. பயோட்டினை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுதாங்க காரணமா இருக்கும். இவ்வளவு அதிகமாப் போட்டா ரத்தப் பரிசோதனையே தப்பாக் காட்டும். நிறுத்திட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுப்போம்."

"மூளைக்கு நல்லதுன்னு போட்டிருந்தாங்களே டாக்டர்?"

"நாங்களும் நம்பிக்கையாத்தான் இருந்தோம். நிறைய பேருக்குக் குடுத்துப் பாத்தப்போ பலன் நிக்கல." லிப்போயிக் ஆசிட்டைத் தள்ளி வைத்தார். "இதைப் பத்தி இன்னும் ஆராய்ச்சி நடக்குது, முடிவாச் சொல்ல முடியாது. மஞ்சள் சமையல்ல போதும். டி உங்களுக்குக் குறைவா இருக்கு, அதனால வேணும். ஆனா நான் சொல்ற அளவு மட்டும். கூடிப்போனா கிட்னிக்கு ஆகாது."

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், மீன் எண்ணெ நாங்க குடுக்கலிங்க. எங்க வழக்கத்துல இல்ல. அதனால இவங்களுக்கு ஏதாவது கொறஞ்சி போச்சிங்களா?"

அந்தக் கேள்வியை எத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்தாரோ, எனக்குத் தெரியாது.

"ஒண்ணும் குறையலைங்க" என்றார் டாக்டரம்மா. "மீன் எண்ணெயால இந்த நோய் மட்டுப்படும்னு உறுதியாச் சொல்ல ஆதாரமில்ல. ஊசிய ஒரு தடவைகூட விடாமப் போட்டீங்களே, அதுதான் பெரிசு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருந்தது. இப்போது ஊசியும், வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் டி-யும் மட்டும்தான். ஆளி விதைப் பொடி மருந்து என்ற பெயரை இழந்து, இட்லிக்குத் தொட்டுக்கொள்வதாகிவிட்டது. கோடையில் கால் சோர்ந்து கனக்கும், மழைக்காலத்தில் கோல் இல்லாமலும் நடப்பேன். ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினால் டாக்டரம்மா போனிலேயே பதில் சொல்லிவிடுகிறார். விழுப்புரம் போவது அபூர்வம்.

நோய் வருவதற்கு முந்தைய நாட்களை நினைத்து ஏங்குவேன் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி ஆகவில்லை. மனசு போய் நிற்பது நோய் வந்த அந்த முதல் வருஷங்களில்தான். பயத்தில் இரண்டு பேரும் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தோம். இதை அவரிடம் சொன்னபோது, "போம்மா, பேஜாரு புடிச்ச காலம் அது" என்றார். சொல்லிவிட்டு, பேப்பரை மடித்து வைத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.