சிவப்புக் கொடிக்கு நின்ற பஸ்

காலை எட்டேகாலுக்குச் சாலையின் நடுவில் அப்பா சிவப்புக் கொடியோடு நிற்பதுதான், பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிகிறது. திருவட்டாற்றுக்கு மேலே ஒரு கல்குவாரி, அதை ஒட்டி நாங்கள் பதினெட்டு வீடுகள். இரண்டு பஞ்சாயத்துகளின் எல்லையில் கிடந்ததால் இரண்டுமே எங்களை அடுத்த வீட்டுப் பிள்ளையாகத்தான் நடத்தின. இடத்துக்குப் பேர் கிடையாது, பஸ் நிறுத்தமும் கிடையாது.

ஆனால் பாறைக்கு வெடி வைக்கும்போது சாலையில் ஒரு வண்டியும் போகக்கூடாது. கொடி காட்டி மறிப்பது அப்பாவின் வேலை. அவர் வெடிக்காரரிடம் நைசாகப் பேசி, காலை வெடியைப் பஸ் வரும் நேரத்துக்கு மாற்றிவிட்டார். பஸ் நிற்கும், பிள்ளைகள் ஏறிக்கொள்வோம், வெடிச் சத்தம் கேட்டதும் டிரைவர் வண்டியை எடுப்பார். அப்பாவின் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை, கண்டக்டருக்கு எரிச்சல்.

பிளஸ் டூ பரீட்சையின் முதல் நாள் காலையில்தான் குவாரியில் வேலை இல்லை என்று தெரிந்தது. அடுத்த நிறுத்தம் மூன்று கிலோமீட்டர். நடந்தால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அப்பா ஒன்றும் யோசிக்காமல் கொடியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். பஸ் நின்றது, நான் ஏறினேன். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெடிக்குக் காத்திருந்தார். சத்தம் கேட்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது என்று அவரிடம் தினமும் படித்துப் படித்துச் சொன்னதே அப்பாதான். இப்போது அப்பா கொடியைச் சுருட்டி, போகலாம் என்று கை காட்டினார். டிரைவர் மாட்டேன் என்று தலையாட்டினார். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. பரீட்சை போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

கடைசியில் அப்பா டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“இன்னைக்கு வெடி ஒண்ணும் இல்ல, கேட்டியளா. பிள்ளைக்குப் பரீட்சை. பஸ்ஸு நிக்கணும்னு கொடியக் காட்டிப்போட்டேன்.”

பஸ் முழுக்கக் கேட்டது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் அப்பாவை அங்கேயே கட்டிப்பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, நாளைக்கும் பரீட்சை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அப்பாவிடம் சொன்னார்: “இனி கொடியொண்ணும் வேண்டாம். கையக் காட்டினா போதும், நிறுத்துதேன்.” மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பரீட்சை ஹாலுக்குள் ஓடினேன்.

குவாரியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அப்பா ஆடு வளர்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது பஸ்ஸை ஓட்டியவர் சின்னப் பையன், புது ஆள். எங்கள் வீடுகள் வந்ததும், நான் எழுந்திருக்கும் முன்பே வண்டியை நிறுத்தினார். இங்கே நிறுத்தம் உண்டா தம்பி என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“இங்க எல்லா வண்டியும் நிக்கும்லா அக்கா,” என்றார்.