பொன்னாடைக்காக நின்ற நாடகம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அடுத்தவன் லாரியில் க்ளீனராகத் தொங்கிக்கொண்டு போனவன் நான். இன்றைக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் லாரிகளில் பன்னிரண்டு என்னுடையவை. ஒருத்தன் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது கிடையாது. இதை எங்கே போனாலும் சொல்வேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

போரில் அடிபட்ட குழந்தைகளுக்கு நிதி திரட்ட நாடகம் போடுகிறோம் என்று விழாக் குழு வந்தபோது, எல்லோரையும்விடப் பெரிய தொகையாக நான்தான் கொடுத்தேன்.

நாடகத்தை எழுதி நடித்தவர் எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. சின்ன வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் ஆபீசுக்கு வந்தார்.

“கடைசிக் காட்சியில பங்கருக்குள்ள தம்பிய மடியில வச்சிருப்பேங்க. ஷெல்லடி நிக்கும். சத்தமே இருக்காது. அப்ப அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். நெசமாவே என் தம்பி பேருதான். இங்க வந்து யார்கிட்டயும் அதச் சொன்னதில்ல. அந்த நேரம் மட்டும் யாரும் மேடை ஏறாமப் பாத்துக்கணும்.”

“என் பேச்ச மீறி எவன் ஏறுவான்? நீ தைரியமாப் போம்மா” என்றேன்.

நாடகத்தன்று சாயங்காலம் மண்டப வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் இடிபாட்டுக்கு நடுவே அழும் குழந்தை, தபால்தலை அளவுக்கு. அதைச் சுற்றி நன்கொடை கொடுத்த நாங்கள், கைகூப்பியும் கூலிங் கிளாஸ் போட்டும். என் முகம்தான் இருப்பதிலேயே பெரிசு. உள்ளே சோபாக்காரர்களுக்கு முந்திரித் தட்டு. கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்திலிருந்து டிக்கெட் வாங்கி வந்த பெண்கள் நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் நாடகத்தை நடுவில் நிறுத்தி, நன்கொடை கொடுத்தவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். கோயில் திருவிழாவில் ராஜா வேஷக்காரர் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒரு தாய் பிள்ளையைத் தேடி மாரில் அடித்துக்கொள்ளும்போது மைக் கரகரத்தது. அவர் அழுகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஜவுளிக்கடை முதலாளி ஏறிப் பல்லைக் காட்டினார். இறங்கியதும் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. போட்டோக்காரன் தரையில் பிணமாகக் கிடந்தவரிடம் குனிந்து, “செத்தவரே, கொஞ்சம் தள்ளிப் படுங்க, முதலாளி கால் மறையுது” என்றான். பிணம் தள்ளிப் படுத்தது.

சுவரோரத்திலிருந்து ஒரு பெண் குரல்: “அந்தப் பொணத்துக்கும் ஒண்ணு போத்தி விடுங்கய்யா!”

மண்டபமே சிரித்தது. கையிலிருந்த முந்திரியைத் தட்டிலேயே போட்டேன். த்தூ, இவனுகளும் மனுஷனுகளா என்று நினைத்தேன். எல்லோரையும் கூப்பிட்டார்கள், என்னை இன்னும் கூப்பிடவில்லை என்பதும் உள்ளே அரித்தது. விழாக் குழுத் தலைவரிடம் எழுந்து போய், கடைசிக் காட்சியில் மைக்கைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இப்போது போனால் பொன்னாடைக்கு அலைகிறான் என்று நினைப்பானே என்று உட்கார்ந்திருந்தேன். பெரிய தொகைக்காரரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். எத்தனை மேடை பார்த்தவன், எனக்கா இது தெரியாது?

ஷெல் சத்தம் நின்றது. மெல்லுகிற வாய்கள்கூட நின்றன. தையல்காரம்மா மடியைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார்.

மைக்கில் என் பெயர் வந்தது. வள்ளல், தூண் என்று பட்டங்களோடு.

உட்கார்ந்த இடத்திலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கலாம். கால் எழுந்துவிட்டது. கைதட்டல் காதில் விழுந்ததும் படியேறிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். கழுத்தில் ஜரிகை விழுந்தது. காலடியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவின் உதடு அசைந்தது. கைதட்டலில், இரண்டடி தள்ளி நின்ற எனக்கே அந்தப் பெயர் கேட்கவில்லை. போட்டோக்காரன் என்னைச் சிரிக்கச் சொன்னான். சிரித்தேன். அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

மறுவாரம் ஒரு பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“தம்பி பேரு என்னம்மா?”

மெஷினை நிறுத்தினார். “அண்டைக்குச் சொல்லத்தான் வச்சிருந்தனான்.”

‘அண்டைக்கு’ என்றால் அன்றைக்கு; அவர் வாயில் அவர் ஊர்ப் பேச்சை அப்போதுதான் முதலில் கேட்டேன். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் பேச்சுக்கே திரும்பினார்.

“நீளம் எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்க.”

அந்தப் பேண்ட்டில் குறைக்க ஒன்றுமில்லை. இரண்டு விரல் என்றேன்.