வண்டிக்குதிரையின் பலகைச் செருப்பு

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அரசு வேட்டையாடிய அவசரகாலத்தில் எங்கள் மலாக்கா தோட்டத்துச் சதுப்பில் தட்டு அகலத்துக்குக் காலடித் தடங்கள் தெரிந்தன. ஆள்தடத்தை மறைக்கும் கம்யூனிஸ்டுகளின் தந்திரம் என்று நினைத்த தமிழ்ப் போலீஸ் சார்ஜன், அந்த வழியே போய்வரும் குதிரைவண்டிக்காரரைக் கைதுசெய்ய வந்தார்.

வண்டிக்காரர் குட்டையானவர். யார் எது கேட்டாலும் குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"குதிரை சேத்துல புதையாம இருக்க நான் செஞ்ச பலகைச் செருப்புங்கையா. வாரை இறுக்கலாம், தளர்த்தலாம்."

"குதிரைக்குச் செருப்பா? கதை விடாத லா!" என்று தடத்தை அளக்க இறங்கிய சார்ஜன், முழங்கால்வரை புதைந்தார்.

வண்டிக்காரர் கரையில் நின்ற குதிரையிடமிருந்து இரண்டு செருப்புகளைக் கழற்றி, சார்ஜனின் கால்களை ஒவ்வொன்றாக இழுத்து, பூட்ஸோடு சேர்த்து வாரை இறுக்கினார். சார்ஜன் நடந்து கரையேறினார். அவர் பதித்த தடமும் அதே அகலம்.

"சரி, வேலையப் பாருய்யா," என்று கிளம்பினார்.

"செருப்பக் குடுத்துட்டுப் போங்கையா. குதிரை வெறுங்காலோட நிக்குது."

அது கேலியா, கவலையா? அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு இன்னும் விளங்கவில்லை.